நாலாவது காரணம்

பஞ்சாயத்தில் பெண்பிள்ளை பேசி அந்தக் குப்பம் கண்டதில்லை. பெண்ணுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வீட்டு ஆண்பிள்ளையிடம் சொல்லி அனுப்ப வேண்டும். அவசரமென்றால் வலைக்கூடத்துக்கு வெளியே நின்று முணுமுணுக்கலாம். அது யார் காதிலும் ஏறாது. அப்பேர்ப்பட்ட இடத்தில் கன்னியம்மாவுக்கு நாற்காலி போட்டார்கள். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் லேசாக ஆடும். போடச் சொன்னது ஊர்த் தலைவரான நாட்டார் செங்குட்டுவன். பெட்டியைச் செய்தது அந்தப் பெண்தானே, பெட்டியில் என்ன எழுதியிருக்கிறதென்று அதுவே சொல்லட்டும் என்றார்.

அவள் சொன்னது நாலே வார்த்தை.

"பெட்டி பொய் சொல்லாது, மாமா."

அந்த நாலு வார்த்தையில் அவளுடைய சொந்த அண்ணன் குமாரவேலின் படகு நாற்பது நாளைக்குக் கரையில் கிடக்கும்படி ஆயிற்று.

எண்ணூர் முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிறது குப்பம். இருபத்தெட்டு ஃபைபர் படகு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இருபத்தெட்டிலும் கன்னியம்மாவே ஏறி, இஞ்சினுக்குப் பக்கத்துப் பலகையில் படகுக்கு ஒரு பெட்டியாகத் திருகி மாட்டினாள். பெண் கால் படகில் படலாமா என்று முனகினவர்களை அண்ணன்தான் சமாளித்தான். முதலில் தன் படகைத் தந்தவனும் அவன்தான். டிபன் டப்பா அளவில் சாம்பல் நிறப் பெட்டி, மேலே ஒரு பச்சை விளக்கு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் படகு எங்கே நிற்கிறதென்று அது செயற்கைக்கோளுக்குச் சொல்லும். வலைக்கூடத்துச் சுவரில் மாட்டிய திரையில் படகு ஒரு புள்ளியாகத் தெரியும். காற்று மழையில் ஒரு படகு திரும்பாவிட்டால் எந்தத் திசையில் தேடிப் போவது என்று ஊர் தவிக்க வேண்டாம்.

ஆனால் மீன் கிடைக்கிற இடம் இருக்கிறதே, அது கடல்காரனுக்குப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக்கூடாத சங்கதி. சூரை மீன் ஓடுகிற ஆழத்தை ஒருத்தன் கண்டுகொண்டால், அடுத்தவன் புள்ளியைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்துவிடுவான். அதனால் இடம் நெருங்கும்போது பெட்டியை அணைத்துவிட்டு, திரும்பும் வழியில் போட்டுக்கொள்வது என்று சில பேர் பழகிப்போனார்கள். போன ஐப்பசியில் செங்குட்டுவனுடைய தம்பி மகன் மணியின் புள்ளி நடுக்கடலில் மறைந்தது. புள்ளி நின்றால் கரையிலுள்ள பதிவிலும் காரணம் விழும்; அதில் 'ஆள் அணைத்தது' என்று இருந்தது. எங்கே என்று தேடுவது? மூன்றாம் நாள் பழவேற்காட்டுப் பக்கம் உடல் ஒதுங்கியது. படகும் இல்லை, பெட்டியும் இல்லை. தலைக்கனம் பிடித்துப் பெட்டியை அணைத்துவிட்டுச் செத்தான் என்று ஊர் செத்தவனையே திட்டித் தீர்த்தது. அதற்கப்புறம்தான் கட்டுப்பாடு வந்தது: பெட்டியை அணைக்கிறவன் படகு நாற்பது நாள் இறங்கக்கூடாது, அவனுக்கு யாரும் தோள் கொடுக்கக்கூடாது.

இந்த ஆவணியில் குமாரவேலின் புள்ளி மூன்று நாள் தொடர்ந்து மறைந்தது. மூன்று நாளும் ஆழம் போய்ச் சேர்ந்த வேளையில் மறையும், கரை திரும்பும் வழியில் முளைக்கும். மூன்று நாளும் சூரை கொள்ளையாக வந்தது வேறு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பஞ்சாயத்தில் அவன் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். "பச்ச லைட்டு எரிஞ்சிகினுதான் இருந்துச்சு. நான் அத்த தொடக்கூட இல்ல" என்றான்.

"லைட்டு வெளிச்சத்துக்குத்தான் சூரை வந்துச்சாம்பா" என்று பின்னாலிருந்து ஒருத்தன் சொல்ல, கூடம் சிரித்தது.

கன்னியம்மா மடிக்கணினியைத் திறந்து பதிவின் கடைசிக் கட்டத்தைப் பார்த்தாள். மூன்று நாளும் அதே வரி. ஆள் அணைத்தது. அண்ணன் என்பதால் மழுப்பிவிட்டாள் என்று நாளைக்கு ஒரு வாய் சொல்லிவிடக்கூடாதே என்ற பயம் அவளுக்கு. அதனால் வேண்டியதற்கு மேலேயே நிமிர்ந்து உட்கார்ந்து, தெளிவாகத்தான் சொன்னாள். குமாரவேல் அவளை ஒரே ஒரு தரம் பார்த்தான். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அவள் வேலை பார்ப்பது ராயபுரத்தில், கயிறும் புரொப்பெல்லரும் விற்கிற கடைக்கு மேல்மாடியில். கம்பெனி பெங்களூரில் இருக்கிறது. படகுகளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டுமென்று இங்கே ஒரு மேஜை, ஒரு அலமாரி, ஒரு கன்னியம்மா. பெங்களூர்க்காரர்களுக்கு அவள் கன்யா. முழுப் பெயர் அவர்கள் வாயில் நிற்கவில்லை. காலையில் ஒரு தரம் திரையில் நாலு முகத்தோடு பத்து நிமிஷம் பேசினால் அன்றைய பேச்சு முடிந்தது. பிறகு கீழே ஐஸ் உடைக்கிற இயந்திரத்தின் சத்தம்தான் துணை. முப்பத்தாறு வயது. இரண்டு தெரு தள்ளி ரஹீமுன்னிசா வீட்டு மாடியில் ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமைதோறும் மலர் அண்ணி காசிமேட்டுக்கு வரும்போது அண்ணன் கொடுத்தனுப்பியதென்று கறிக்கு மீன் கொண்டுவந்து தருவாள். அந்த ஒரு பை மீன்தான் அவளுக்கும் குப்பத்துக்கும் மிஞ்சியிருந்த போக்குவரத்து. பஞ்சாயத்துக்கு அடுத்த ஞாயிறு மீன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. தயிர்சாதத்தைப் பொட்டலத்திலிருந்தே சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். சரியாகத்தான் செய்தோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தினமும் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

பதினேழாம் நாள் காலை மலர் மாடியேறி வந்தாள். கையில் மீன் பை இல்லை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"நான் சண்ட போட வரல, கன்னி. ஒண்ணு கேட்டுட்டு போறேன். அந்தப் பச்ச லைட்டு எதுக்கு எரியும்?"

"உள்ள கரண்டு இருந்தா எரியும், அண்ணி."

"பெட்டிய அணைச்சா?"

"எரியாது."

மலர் தலையாட்டிக்கொண்டாள். வீட்டு நிலைமையைப் பற்றிப் புலம்புவாள் என்று கன்னியம்மா எதிர்பார்த்தாள். அவள் அதற்கு வரவில்லை. கேட்டதற்கு மட்டும் சுருக்கமாகச் சொன்னாள். கூட வேலை செய்த இரண்டு பேரும் வேறு படகுக்குப் போய்விட்டார்கள். வலையின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல் அவளே பிடிக்கிறாள். மீன்கூடையோடு ஷேர் ஆட்டோவில் ஏறினால் மற்றப் பெண்கள் இறங்கி அடுத்த ஆட்டோவுக்குக் காத்திருக்கிறார்கள். இதையெல்லாம் வேறு யாருக்கோ நடந்தது போலச் சொல்லிவிட்டு, வாசல்படியில் நின்று திரும்பினாள்.

"உங்கண்ணன் பொய் சொல்லணும்னா பேட்டரி போச்சுன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். ஒயர எலி கடிச்சிடுச்சுன்னு சொல்லியிருக்கலாம். ஊரே நம்பியிருக்கும். லைட்டு எரிஞ்சிதுன்னு எவனாச்சும் பொய் சொல்லுவானா? அதனால அவருக்கு இன்னா லாபம்?"

அவள் இறங்கிப்போன சத்தம் அடங்கிய பிறகும் கன்னியம்மா அப்படியே உட்கார்ந்திருந்தாள். பொய்க்கு ஒரு பிரயோஜனம் இருக்க வேண்டும். அண்ணன் சொன்னதில் பிரயோஜனமே இல்லை.

அலமாரியில் அண்ணன் படகுப் பெட்டி இருந்தது. பஞ்சாயத்து முடிந்த கையோடு கழற்றி, வலை நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். நூலை அறுத்தாள். உள்ளே இருந்த பதிவை இந்தத் தடவை முதல் கட்டத்திலிருந்து படித்தாள். பெட்டியைப் போட்ட விநாடியிலிருந்து எவ்வளவு நேரம் ஓடியது என்று ஒரு கணக்கு அதில் உண்டு. அணைத்துப் போட்டால் அது மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். அண்ணன் கடலுக்குப் போன மூன்று நாளும் அந்தக் கணக்கு விடிகாலை மூன்று மணிக்குத் தொடங்கி மத்தியானம் வரை ஓரிடத்திலும் அறுபடாமல் ஓடியிருந்தது. புள்ளி மறைந்திருந்த நாலு மணி நேரமும் பெட்டி விழித்தேதான் இருந்திருக்கிறது. பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

பஞ்சாயத்தில் இந்தக் கட்டமும் அவள் மடியில்தான் இருந்தது. கடைசிக் கட்டத்தைப் பார்த்துவிட்டு மூடிவிட்டாள்.

அப்படியானால் மறைந்தது ஏன்? மணியின் படகு போக மற்ற இருபத்தாறு படகில் இல்லாத ஒன்று அண்ணன் படகில் மட்டும் இருந்தது. ஆழம் பார்க்கிற எக்கோ கருவி, பழைய சாமான். அண்ணன் படகாயிற்றே என்று, இந்த ஆடியில்தான், யாருக்கும் செய்து கொடுக்காத ஒன்றை அவனுக்கு மட்டும் செய்து கொடுத்திருந்தாள்: எக்கோவின் ஒயரைப் பெட்டியில் சேர்த்து, ஆழமும் பதிவாகும்படி ஒரு துண்டு நிரல் எழுதிச் சேர்த்தாள். அன்று அவனுக்கு அதில் அவ்வளவு பெருமை.

பெட்டிக்குள் நகத்தளவு சில்லு ஒன்று. அந்தச் சில்லுக்குள் பல உறுப்புகள். ரேடியோவோடு பேச ஒன்று, எக்கோவோடு பேச ஒன்று, மணி பார்க்க ஒன்று என்று பங்கு பிரித்திருக்கும். இத்தனையையும் கட்டி மேய்ப்பது கர்னல் என்கிற அடி நிரல். உறுப்பு எதுவும் திகைத்து நின்றுவிட்டால் அதைத் தட்டி எழுப்ப ரீசெட் என்று ஒரு கம்பி உண்டு. கம்பியை இழுத்தால் உறுப்பு அப்போதே செத்தது. விட்டால் பழசெல்லாம் மறந்து முதலிலிருந்து தொடங்கும். எக்கோவிடமிருந்து அரை நிமிஷம் பேச்சில்லாவிட்டால் உறுப்பு திகைத்துவிட்டது என்று அர்த்தம், கம்பியை இழுத்து விடு என்று அவள்தான் எழுதியிருந்தாள். கருவி பழசு, நாற்பது பாகத்துக்கு, அதாவது நாற்பது ஆள் உயரத்துக்கு, மேல் ஆழம் போனால் தரை தட்டாமல் வாயை மூடிக்கொள்ளும் என்பதை அவள் யோசிக்கவில்லை. சூரை ஓடுவது அதற்கு மேற்பட்ட ஆழத்தில்.

கடையில் ஒரு பழைய எக்கோவை இரவல் வாங்கிவந்து மேஜைமேல் பெட்டியோடு சேர்த்தாள். ஆண்டெனாவை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டாள். புள்ளி வந்தது. எக்கோவின் வாயை அடைப்பதற்காக அதன் ஒயரைப் பிடுங்கினாள். அரை நிமிஷம். புள்ளி போயிற்று. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சில்லின் கையேடு இரண்டாயிரத்துச் சொச்சம் பக்கம். ரீசெட் கம்பிகளின் அட்டவணையை அவள் முன்பே நூறு தரம் பார்த்தவள்தான். இந்தத் தரம் விரலை வைத்து வரி வரியாகப் போனாள். பதினோராவது வரியில் எக்கோ உறுப்பின் பெயர். அந்தப் பெயருக்கு மேலே எறும்பு போல ஒரு நட்சத்திரக் குறி. பக்கத்தின் அடியில், பூதக்கண்ணாடி கேட்கிற எழுத்தில் ஒரு குறிப்பு: ரேடியோ உறுப்புக்கும் இதே கம்பிதான்.

இரண்டுக்கும் ஒரே கம்பி. எக்கோவைத் தட்டி எழுப்புவதாக நினைத்து அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் ரேடியோவையும் சேர்த்து வீழ்த்தியிருக்கிறாள். ரேடியோ எழுந்து வானத்தைத் தேடிப் பிடிக்க இரண்டு நிமிஷம் வேண்டும். அது எழ எழ, மண்டையில் அடுத்த அடி. படகு ஆழம் குறைந்த இடத்துக்குத் திரும்பியதும் எக்கோ வாய் திறக்கும், அடி நிற்கும், ரேடியோ மெல்ல எழும், புள்ளி முளைக்கும். இடத்தை மறைக்க நினைக்கிற களவாணி எப்படிச் செய்வானோ, அச்சு அசல் அப்படியே.

கர்னலிடம் கம்பியைக் கேட்பதற்கு இரண்டு விதம் உண்டு. எனக்கு மட்டும் என்று கேட்கலாம், பங்கு என்றும் கேட்கலாம். பங்கு என்று கேட்டிருந்தால், அடுத்தவர் விடாதவரை கர்னல் கம்பியை இழுக்க விடாது. அவள் எனக்கு மட்டும் என்று கேட்டிருந்தாள். ரேடியோவை ஓட்டுகிற நிரல் கம்பியைக் கேட்கவே இல்லை. கேட்காததால் தடுக்கவும் ஆளில்லை. அதை எழுதியதும் அவள்தான்.

ரேடியோ பேச்சு நின்றால் ஏன் நின்றது என்று பதிவு எழுதுகிற நிரலையும் திறந்து பார்த்தாள். அதில் மூன்றே காரணம். பேட்டரி தீர்ந்தது. நிரல் சிக்கித் தானாக மறுபடி தொடங்கியது. இந்த இரண்டும் இல்லையென்றால், ஆள் அணைத்தது. ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை, ஏதோ ஓர் அவசரத்தில், இரண்டும் இல்லையென்றால் வேறென்ன இருக்கப்போகிறது என்று எழுதியிருக்கிறாள். கீழே ஐஸ் இயந்திரம் நின்றது. அறை சட்டென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. இதைச் சொல்ல அவளுக்கு ஓர் ஆள் வேண்டும் போலிருந்தது. போன் எண்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, பெங்களூரில் இருக்கும் மேலாளர் ஃப்ரெடியைக் கூப்பிட்டாள்.

ஃப்ரெடி கெட்டவரில்லை. பொறுமையாகக் கேட்டார், நல்ல வேளை கண்டுபிடித்தாய் என்றார், திருத்திய நிரலை எல்லாப் பெட்டிக்கும் அனுப்பிவிடு என்றார். ஊரில் போய்ச் சொல்வதாக அவள் சொன்னதும்தான் குரல் இறங்கியது. இன்னும் இருபத்துமூன்று நாள்தானே, அது பாட்டுக்குக் கழிந்துவிடும், பெட்டியின்மேல் ஒரு தரம் நம்பிக்கை போனால் அத்தனை படகும் கழற்றிப் போட்டுவிடும், அப்புறம் புயலில் யார் பொறுப்பு என்று கேட்டார். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கடைசியில், "உன் இஷ்டம், கன்யா. எழுத்துல மட்டும் எதுவும் குடுத்துடாத" என்று வைத்துவிட்டார்.

பஞ்சாயத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்கவும் வீட்டு ஆண்பிள்ளைதான் போக வேண்டும். அவள் வீட்டு ஆண்பிள்ளை, ஊர் தோள் கொடுக்கக்கூடாத ஆள். அவன் சார்பாகச் சொல்ல இன்னொருவனை அனுப்பினால் அது அவனுக்குத் தோள் கொடுத்ததாகிவிடும். போட்ட நாற்காலி ஒரு நாளைக்கு மட்டும்தான். பத்தொன்பதாம் நாள் மத்தியானம் தானே பஸ் ஏறினாள். வலைக்கூடத்தில் ஏழெட்டுப் பேர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். செங்குட்டுவன் வலையின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து ஊசி ஓட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் நிற்கிற இடத்தில் நிற்காமல் கன்னியம்மா நேராக உள்ளே போய் அவர் முன்னால் நின்றாள். யாரும் நாற்காலி எடுக்கவில்லை.

"மாமா, நான் அன்னிக்கி சொன்னது தப்பு. எங்கண்ணன் அணைக்கல."

ஊசி நிற்கவில்லை. அவள் கம்பியைச் சொன்னாள், ஆழத்தைச் சொன்னாள், எக்கோ வாயை மூடினால் ரேடியோ விழுவதைச் சொன்னாள். ஒரே கயிற்றில் இரண்டு படகைக் கட்டியதை மறந்துவிட்டு ஒன்றை இழுத்தால் என்ன ஆகுமோ அதுதான் என்றாள். அது அவர்களுக்குப் புரிந்தது. மற்றப் படகிலும் இந்தக் கோளாறு இருக்குமா என்று ஒருவர் கேட்டார். எக்கோ மாட்டிக் கொடுத்தது ஒரு படகில்தான் என்றாள். சொந்த அண்ணனுக்குச் செய்த உபகாரமா என்று இன்னொருவர் சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் கிடைக்கவில்லை.

"பெட்டி பொய் சொல்லாதுன்னே" என்றார் செங்குட்டுவன், வலையைப் பார்த்துக்கொண்டே.

"சொன்னேன். அதுக்கு மூணு காரணம்தான் நான் சொல்லிக் குடுத்திருந்தேன், மாமா. பேட்டரி போச்சு, தானா நின்னு கெளம்புச்சு, ரெண்டும் இல்லன்னா ஆள் அணைச்சது. தெரியலன்னு ஒண்ணு நான் எழுதவே இல்ல."

இப்போது ஊசி நின்றது.

அடுத்து என்ன கேள்வி வரும் என்று பஸ் திருவொற்றியூர் தேரடி தாண்டும்போதே அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் வந்தாள். ஆனாலும் அது வரும்வரை நின்ற அந்த நேரம் நீளமாக இருந்தது.

"அப்போ நம்ம மணி?"

"தெரியல, மாமா."

"அணைச்சானா, இல்லியா?"

"அணைச்சிருக்கலாம். படகு கவுந்து தண்ணி பூந்திருக்கலாம். ஒயரு அறுந்திருக்கலாம். எது நடந்திருந்தாலும் பெட்டி அந்த ஒண்ணத்தான் எழுதியிருக்கும். எனக்குத் தெரியல."

"பத்து மாசமா அவன் ஆத்தா தெருவுல தல நிமிந்து நடக்கல" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. கட்டைவிரலிலிருந்து வலையைக் கழற்றிவிட்டு எழுந்தார். குமாரவேல் படகு நாளைக்கு இறங்கும், நாலு பேர் போய்த் தோள் கொடுங்கள் என்று பொதுவாகச் சொன்னார். பிறகு அவளைப் பார்த்து, "நீ எங்கூட வா. அவகிட்ட இத்த நீயே சொல்லு" என்றார்.

மணியின் அம்மா வீட்டு வாசலில் கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்தாள். கன்னியம்மா குந்தி உட்கார்ந்து சொன்னாள். கம்பி, சில்லு எதையும் சொல்லவில்லை. அந்த அம்மாள் கத்தியை நிறுத்தாமல் கேட்டுவிட்டு, அப்படியானால் என் பிள்ளை அணைக்கவில்லை என்று நான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். ஆமென்று சொல்லிவிட நாக்கு துடித்தது. இன்னொரு தரம் தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்ல அவளால் ஆகவில்லை. அணைத்தான் என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது, அவ்வளவுதான் தன்னால் சொல்ல முடியும் என்றாள். அந்த அம்மாள் கீறின மீனைத் தட்டில் வைத்தாள். அப்புறம் அடுத்த மீனை எடுத்தாள்.

குமாரவேல் படகைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கம் ரெசின் பூசிக்கொண்டிருந்தான். சேதி அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. அவள் தொடங்கினாள். எல்லாவற்றையும் சொன்னாள், கையேட்டின் அடிக்குறிப்பு வரைக்கும். பிரஷ் போய் வந்துகொண்டிருந்தது.

"என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றான் கடைசியில்.

"இல்ல."

"பெட்டியக் கேட்டே. அத்தினி பேரு முன்னால சேர் போட்டு உக்காந்துகினு பெட்டியக் கேட்டே. பத்தடி தள்ளி நான் நிக்கறேன்."

பெட்டியை நாளைக்கு வந்து மாட்டட்டுமா என்று அவள் கேட்டதற்கு, மாட்டிவிட்டுப் போ என்றான். மலர் டீ கொண்டுவந்து வைத்தாள். அவன் கையில் ரெசின் என்று அவனுக்கு டம்ளரை வாயில் வைத்துப் புகட்டினாள். கன்னியம்மா தன் டீயைக் குடித்துவிட்டு டம்ளரைத் தானே அலம்பி வைத்தாள்.

மறுநாள் ராயபுரத்து மாடியில் திருத்தி எழுதினாள். எக்கோவுக்கும் ரேடியோவுக்கும் கம்பியைப் பங்கு என்று கேட்டாள். எக்கோ பேசாவிட்டால் பேசாமலே இருக்கட்டும், தட்டி எழுப்ப வேண்டாம் என்று அந்த வரிகளை அழித்தாள். ஆள் அணைத்தது என்று எழுத வேண்டுமானால், ஓடிய நேரக் கணக்கு அறுபட்டிருக்க வேண்டும், பொத்தான் அமுங்கியதற்குச் சாட்சியும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தாள். மூன்றாவது காரணத்துக்குக் கீழே நாலாவதாக 'தெரியவில்லை' என்று சேர்த்தாள். இரண்டு வருஷத்துப் பழைய பதிவுகளையும் அந்த நிபந்தனையில் ஓடவிட்டாள். நானூற்றுப் பன்னிரண்டு வரிகள் ஆள் அணைத்ததிலிருந்து தெரியவில்லைக்குப் போயின. போன ஐப்பசியின் அந்த ஒரு வரியை மட்டும் தன் கையாலேயே மாற்றினாள்.

புது நிரலோடு பெட்டியை மாட்டிவிட்டு வந்தாள். படகு இறங்கிய மூன்றாம் நாள் குமாரவேல் ஆழத்துக்குப் போனான். அன்று காலை அவள் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்காமலே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து பாகம். நாற்பது. எக்கோ வாயை மூடிக்கொண்டது. புள்ளி நின்றது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம், ஒரு மணி நேரம், கடலில் குத்தி வைத்த ஊசி மாதிரி நின்றது. அப்போதுதான் இட்லியைப் பிரித்தாள்.

மணிக்கொரு தரம் வந்து சேர்கிற பதிவில் ஒன்பதரைக்குப் புதிதாக இரண்டு வரி வந்தன. எட்டு நாற்பத்துமூன்றுக்கு ஆள் அணைத்தது. எட்டு நாற்பத்தெட்டுக்கு ஆள் போட்டது. ஓடிய நேரம் அறுபட்டிருந்தது. பொத்தான் அமுங்கியதற்குச் சாட்சி இருந்தது. ஐந்து நிமிஷம்தான், அடுத்த சேதி போவதற்கு முன்னால் போட்டுவிட்டதால் வலைக்கூடத்துத் திரையில் புள்ளி மறையவே இல்லை. ஊருக்குத் தெரியாது. அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

நிரலில் மறுபடி கோளாறா என்று பார்த்தாள். இல்லை. அணைத்திருக்கிறான். கையை வைத்து, பொத்தானை அமுக்கி, வேண்டுமென்றே அணைத்திருக்கிறான். ஏன்? இடத்தை மறைக்க ஐந்து நிமிஷம் போதாது. கோபமா, குத்திக்காட்டுகிறானா, பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்த்தானா? தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தாள். ஒவ்வொன்றும் பொருந்துகிற மாதிரித்தான் இருந்தது. பிறகு மடிக்கணினியை மூடிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனாள்.

படகு வரும்போது அவள் கரையில் நின்றிருந்தாள். ஆண்கள் தோள் கொடுத்து இழுத்து மேலேற்றினார்கள். பெண்கள் கூடைகளோடு நெருக்கியடித்தார்கள். சலசலப்பு கொஞ்சம் ஓயட்டும் என்று காத்திருந்து, படகின் ஓரம் பிடித்து நின்று கேட்டாள்.

"இன்னிக்கி எட்டே முக்காலுக்குப் பெட்டிய ஏண்ணா அணைச்சே?"

குமாரவேல் ஒரு சூரையை வாலில் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தான். அப்படியே நிமிர்ந்து பார்த்தான்.

"கேக்கறியான்னு பாத்தேன்" என்றான்.

மீனைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்ததற்குக் குனிந்தான். மலர் ஒரு பையை உதறி, அவளுக்கென்று மீன் எடுக்கப் போனாள். அவன் எடு என்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. ஒற்றை ஆளுக்கு இவ்வளவு பெரிய மீன் எதற்கு, அண்ணி, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று கன்னியம்மாவே மறுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னதை அவன் காதில் வாங்கினானா என்று தெரியவில்லை. கேட்டுவிடலாம்தான். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும் என்று நினைத்துக்கொண்டு, மணலில் கால் புதையப் புதைய பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள்.